கிளி இல்லாத மேசை

"ஆசாரியாரே, இது என்ன?"

"கிளி, தாயி."

"கிளின்னு எனக்கும் தெரியுது. மேசைக் கால்ல அதுக்கு என்ன சோலி?"

தனுஷ்கோடி ஆசாரி உளியைக் கீழே வைத்தார். அம்புஜவல்லியை ஒரு தரம் பார்த்தார், கிளியை ஒரு தரம் பார்த்தார். கிளியைப் பார்க்கும்போது மட்டும் அவர் முகம் கனிந்தது.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து ராஜபாளையத்துக்குப் போற சாமான். ஆண்டாள் ஊர்ச் சாமான்ல ஒரு கிளிகூட இல்லேன்னா நாலு பேரு என்ன கேப்பாவ?"

"அந்த நாலு பேரா வந்து தொடைக்கப் போறாவ?"

ஆசாரிக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. முப்பது வருஷமாக மரத்தைச் செதுக்குகிறார். சுற்று வட்டாரத்துக் கோயில் வாகனங்களுக்கு உடைந்த மூக்கும் உதிர்ந்த இறக்கையும் வைத்துக் கொடுப்பதே அவருக்கு முக்கால்வாசிப் பிழைப்பு. அவர் செய்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. யார் துடைப்பது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

"நான் என்ன கேட்டேன்? நாலு கால், ஒரு பலகை. நாலரை அடி நீளம், ரெண்டரை அடி உயரம். ஆடக் கூடாது. வேற எதுவும் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீய."

"பொறவு?"

"வேற எதுவும் வேண்டாம்னா, கிளி மட்டும் போதும்னு நெனச்சேன்."

அம்புஜவல்லிக்குக் கிளியின் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. அவளுடைய கோபம் ஒரு சோபாவின் மேல்.

மாடவீதியில் மாமனார் கண்ணபிரானின் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த அன்னப்பட்சி சோபா. கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு அன்னங்கள். முதுகுப் பக்கம் தோகை விரித்த மயில். அதில் உட்கார்ந்தவர்கள் குறைவு. சாய்ந்தால் மயிலின் அலகு இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் குறி பார்த்துக் குத்தும். வருகிறவர்கள் "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அதைத் துடைப்பது அம்புஜவல்லியின் வேலை. கல்யாணமாகி வந்த மறுவாரம் மாமனார் ஒரு பழைய பல் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல், பிரஷ்ஷும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியுமாகப் பதினோரு வருஷம். ஒரு அன்னத்துக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு இறகு என்று அவளுக்குத் தெரியும். எண்ணாமல் அத்தனை சனிக்கிழமைகளை எப்படி ஓட்டுவது?

இந்த 1987-இல்தான் அவளுக்கு விடிவு வந்தது. கணவன் ஜகந்நாதனை நூற்பாலையில் ஸ்டோர் கீப்பராக்கி, இனி கூப்பிட்ட நேரத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து, ஆனி முடிவதற்குள் அவசரமாகப் பால் காய்ச்சினார்கள். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுக்களை. வெறும் சுவர், வெறும் தரை. அம்புஜவல்லி அந்த ஹாலின் நடுவில் நின்று கைகளை இரண்டு பக்கமும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். கையில் எந்தப் பறவையும் இடிக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பால் காய்ச்ச வந்த கண்ணபிரான் அதே ஹாலைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வீடு மூளியா கெடக்கே. இப்படி இருந்தா லட்சுமி தங்குவாளா? ஆடி பொறக்கப்போகுது, சாமான் ஏத்தக் கூடாது. ஆவணி முதல் ஞாயித்துக்கிழமை சோபாவ லாரியில அனுப்பி வைக்கேன்."

அம்புஜவல்லிக்குத் தலை கிறுகிறுத்தது. பஞ்சு பறக்கிற ஊர். ஜன்னலைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக உள்ளே வரும். அறுநூற்று இருபத்து நாலு இறகிலும் பஞ்சு ஏறினால் சனிக்கிழமை ஒன்று போதாது, வாரமே சனிக்கிழமையாகிவிடும்.

"மாமா, ஹால்ல மேசை போடப்போறேன். எடம் இருக்காது" என்றாள் சட்டென்று. அந்த நிமிஷம் வரை அவளிடம் மேசை யோசனையே கிடையாது.

கண்ணபிரான் யோசித்தார். "தனுஷ்கோடி கையால செஞ்ச மேசையா இருந்தா சரி. கண்டவன் அடிச்ச பெட்டிப் பலகைய எங்குடும்பத்து ஹால்ல போட ஒத்துக்க மாட்டேன். ஆவணி ஞாயித்துக்கிழமை வந்து பாப்பேன். மேசை இருந்தா லாரி திரும்பிரும். இல்லேன்னா சோபா எறங்கிரும்."

அப்படித்தான் வேறு ஆசாரியிடம் போக முடியாமல், அம்புஜவல்லி தனுஷ்கோடியின் பட்டறையில் கிளியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள் அந்த மேசை அவளுக்கு வெறும் சாக்கு என்ற நிலையைத் தாண்டிவிட்டது. அதில் சாப்பிடலாம். மகள் வீட்டுப்பாடம் எழுதலாம். ஜகந்நாதன் ஸ்டோர் ரிஜிஸ்டரை விரிக்கலாம். காய் நறுக்கலாம், துணிக்கு இஸ்திரி போடலாம். எல்லாம் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பு. மேசை பளிச்சென்று ஆகிவிடும். இந்த ஒரே இழுப்பை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"கிளிய எடுத்துருங்க" என்றாள்.

"எடுத்துருதேன்" என்றார் ஆசாரி, ஏதோ துக்கம் கேட்டவர் போல.

ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தாள். கிளி இல்லை. நாலு காலிலும் நாலு தாமரை இருந்தது.

"கிளிய இழைச்சேன்லா? அந்த எடத்துல கால் மெலிஞ்சு போச்சு. ஒரு கால் மட்டும் மெலிஞ்சிருந்தா நல்லாவா இருக்கும்? மத்த மூணையும் மெலிய வச்சேன். நாலும் மெலிஞ்ச பொறவு பாத்தா, பட்டினி கெடந்த மாதிரி இருந்துச்சு. அதான் மெலிஞ்ச எடத்துக்கு ஆளுக்கொரு தாமரைய ஒட்டி வச்சேன். ஒவ்வொண்ணுலயும் பதினாறு இதழ்."

அம்புஜவல்லி மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். அறுபத்து நாலு இதழ்.

"நீங்க வாயால சொன்னா எனக்குப் பிடிபடல தாயி. பிளான் போட்டுக் குடுங்க. அதுல உள்ளத அப்படியே செஞ்சிருதேன்."

இது நியாயமாகப் பட்டது. அவள் பையைத் துழாவினாள். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ஒன்று கிடந்தது. உள்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஆசாரியின் பென்சிலையே வாங்கி, அதில் நாலு கோடு இழுத்து மேசை வரைந்தாள். அளவுகளையும் எழுதினாள். கால் வெறுமனே இருந்தது. பலகை வெறுமனே இருந்தது. "இதுல இருக்கிறது மட்டும்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த தடவை வந்தபோது கால்களில் தாமரை போகவில்லை. அதோடு, பலகையின் ஓரம் சுற்றிலும் மாங்காய் வரிசை ஓடியது. நாலு மூலையிலும் குலை தள்ளிய வாழை மரங்கள் நின்றன.

"ஆசாரியாரே!"

"நீங்க குடுத்த பிளான்தான் தாயி." அவர் பத்திரிகையை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பக்கத்தின் ஓரத்தில் மாங்காய் பார்டரும், மூலைக்கு ஒன்றாக வாழை மரமும் ரோஸ் நிறத்தில் அச்சாகியிருந்தன. "இதுல இருக்கிறது மட்டும்னு ரெண்டு தடவ சொன்னீயளே. இதுலதான் கஷ்டம். வாழைக் குலையில ஒவ்வொரு காயா எடுக்கணும்லா?"

அவள் அப்படியே போய் பஸ் ஏறினாள். ராஜபாளையம் வரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடி தளரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜகந்நாதனை உட்காரவைத்தாள். "என்னங்க, பொம்பள சொன்னா அந்த மனுசன் காதுல ஏறல. நீங்க போயி, இருக்கிறது போதும், இனிமே ஒரு இலைகூடக் கூடாதுன்னு சொல்லிட்டு வாங்க. அது ஒண்ணைச் சொல்லிட்டு வந்தாப் போதும்."

"அதுல என்ன இருக்கு? வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிட்டு வாரேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினான் ஜகந்நாதன்.

திரும்பி வந்தபோது மடித்த கை இறங்கியிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"சொல்லத்தான் போனேன் அம்புஜம். அவரு காப்பி வாங்கிக் குடுத்தாரு. கால்ல தாமரை இருக்குல்லா? 'தாமரை இருந்தா அது குளம். அன்னமில்லாத குளத்த நீங்க எங்கயாவது பாத்திருக்கீயளா தம்பி?'ன்னு கேட்டாரு. நானும் யோசிச்சுப் பாத்தேன். பாத்ததில்ல."

அம்புஜவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு" என்றான் ஜகந்நாதன் அவசரமாக. "ஆனா ஒத்த அன்னம் குடும்பத்துக்கு ஆகாதாம். அதனால ஜோடியா..."

"எந்த அன்னத்த விட்டு ஓடி வந்தேனோ, அதுக்குச் சோடி சேத்துக் கூட்டியாரீங்களா?"

ஜகந்நாதன் நல்லவன். நல்லவர்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஆகாது என்று அம்புஜவல்லி அன்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ப் பட்டறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையில் தூக்குவாளியில் தயிர்சாதம். "நீங்க வேலையப் பாருங்க ஆசாரியாரே. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

தனுஷ்கோடிக்கு அன்று போல் ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை. மேல்பலகையை இழைத்தார். கை தானாக உளிப் பக்கம் போகும். அம்புஜவல்லி தொண்டையைக் கனைப்பாள். கை திரும்பி வந்துவிடும். பாவம், நடுவில் அவர் தரையில் கிடந்த மரத்தூளில் விரலால் ஒரு கொடி வரைந்தார். அதைக்கூட அவள் காலால் அழித்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஆசாரி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே அவர் வீடு. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. தாகமெடுத்து அம்புஜவல்லி கதவைத் தட்டினாள். அரையடி மட்டும் திறந்து, ஒரு கை சொம்பை நீட்டியது. கை முழங்கை வரை நனைந்திருந்தது.

"வீட்டுல ஆள் இல்லையா?"

"அவ மில்லுக்குப் போயிருக்கா. செத்த நேரம் இருங்க, வந்துருதேன்."

"உள்ள செத்த உக்காரட்டுமா? வெளிய வெயிலு."

"வேண்டாம் தாயி!" என்றார் பதறிப்போய். "சாமான் கெடக்கு, நிக்க எடமில்ல" என்று கதவைச் சாத்தினார்.

அவர் திரும்பி வந்தபோது தோள் துண்டு ஈரமாக இருந்தது. அதில் அங்கங்கே மஞ்சள் கறை. வீடு முழுக்க இதே மாதிரிச் சிற்ப மேசை, சிற்ப அலமாரி என்று அடைத்து வைத்திருப்பார், காட்டினால் நாம் சண்டைக்கு வருவோம் என்று பயப்படுகிறார் என அம்புஜவல்லி நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேல்பலகை முடிந்தது. ஓரத்து மாங்காயையும் வாழையையும் விட்டால், நடுப்பரப்பு முழுக்க ஒரே தேக்கு, ஒரே வழவழப்பு. அம்புஜவல்லி உள்ளங்கையை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்தாள். எங்கும் தட்டவில்லை. அவள் கேட்டது இதுதான். இதற்குத்தான் இந்தப் பாடு. கண்ணில் நீர் நின்றது.

"ஆசாரியாரே, கால்ல கெடக்கிறது கெடக்கட்டும், நான் பொறுத்துக்கிடுதேன். இந்தப் பலகை மேல உளி படக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

தனுஷ்கோடி உளியின் மேல் கை வைத்தார். "இந்தப் பலகையில உளி படாது. சத்தியம்."

அவர் சத்தியம் தவறாதவர் என்று ஊரே சொல்லும். அம்புஜவல்லி நிம்மதியாக ஊர் திரும்பினாள்.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்புஜவல்லி தன் கல்யாணத்துக்குச் சீராக வந்த நாலு மடக்கு நாற்காலிகளைத் துடைத்து விரித்து, ஹால் நடுவில் இடம் விட்டுக் காத்திருந்தாள். முறைப்படி ஆசாரிக்கு வேட்டி துண்டும், அவர் மனைவிக்குச் சேலையும் தாம்பாளத்தில் தயாராக இருந்தன. கண்ணபிரான் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். வாசலில் லாரி நின்றது. அதன் மேல் தார்ப்பாய்க்குள்ளிருந்து மயிலின் கொண்டை எட்டிப் பார்த்தது.

"மேசை வராட்டி நேரத்த வீணாக்க வேண்டாம்னுதான் கையோட கொண்டாந்தேன்" என்றார் கண்ணபிரான்.

பத்து மணிக்கு மேசை வந்தது. ஜமக்காளத்தால் போர்த்தி, நாலு பேர் தூக்கி வந்து ஹாலில் வைத்தார்கள். கூடவே தனுஷ்கோடியும் அவர் மனைவி வெள்ளத்தாயும் வந்தார்கள். வெள்ளத்தாய் மில் வேலைக்காரி. ஒல்லியான உடம்பு, லீவு நாளிலும் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆசாரி ஜமக்காளத்தை ஒரே இழுப்பில் உருவினார்.

காலில் தாமரை இருந்தது. தாமரைக்குப் பக்கத்தில் அன்னம் இருந்தது. ஓரத்தில் மாங்காய், மூலையில் வாழை எல்லாம் இருந்தன. மேல்பலகையின் நடுவில் இரண்டு யானைகள் ஒரு அங்குல உயரத்துக்கு எழும்பி, தும்பிக்கையைத் தூக்கிக் கும்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன.

"சத்தியம் பண்ணினீங்களே!" என்றாள் அம்புஜவல்லி.

"உளி படல தாயி. வேற பலகையில செதுக்கி, இதுல வச்சு ஒட்டினேன். லட்சுமியையும் வச்சிருப்பேன். சாப்பிடுற எடம், எச்சில் படுமேன்னு யானையோட விட்டுட்டேன்."

வெள்ளத்தாய் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டாள்.

கண்ணபிரானுக்கு மட்டும் ஆனந்தம் தாங்கவில்லை. "பிரமாதம்! இதுல்லா மேசை! இம்புட்டு லட்சணமான மேசை ஒத்தையில நிக்கலாமா? மேசைய அந்தச் சுவரோரம் தள்ளுங்க. சோபாவையும் எறக்கி எதிர்ல போட்டுருவோம். முதல்ல சாப்பிடுவோம்."

லாரியைத் திருப்ப வந்த மேசை, லாரியைக் கூப்பிட்டு இறக்குகிற மேசையாகிவிட்டது. அம்புஜவல்லி இலையைப் போட்டாள்.

யானைகளின் மேல் விரித்த வாழையிலை கூடாரம் போல எழும்பி நின்றது. சோற்றை வைத்தால் மேட்டிலிருந்து நாலு பக்கமும் சரிந்தது. அப்பளம் உருண்டு ஜகந்நாதன் மடியில் விழுந்தது. தண்ணீர் டம்ளரைத் தனுஷ்கோடி எங்கே வைத்தாலும் அது சாய்ந்து சாய்ந்து நின்றது. கடைசியில் அவர் அதைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். பருப்பு யானையின் காது மடிப்பில் ஏறியது. ரசம் ஊற்றியதும் இலை கிழிந்தது. ரசம் யானையின் முதுகில் வழிந்து, தும்பிக்கையைச் சுற்றி, ஓரத்து மாங்காய் வரிசையில் விழுந்து, வாய்க்கால் போல ஓடி, வாழை மரத்தடியில் செத்த நேரம் தேங்கி, பிறகு கண்ணபிரானின் பட்டுக்கரை வேட்டியில் இறங்கியது.

"ஐயோ, சுடுது!" என்று துள்ளினார் கண்ணபிரான். "அம்புஜம், சீக்கிரம் தொடை!"

அம்புஜவல்லி அடுக்களைக்குள் போனாள். ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்து அதை மேசை மேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து பல் பிரஷ்கள் விழுந்தன. நார் தேய்ந்தவை, கழுத்து உடைந்தவை, எண்ணெய் ஊறிக் கறுத்தவை. பதினோரு வருஷத்துப் பிரஷ்கள்.

"மாமாவுக்கு ஒண்ணு" என்று எடுத்து வைத்தாள். ஜகந்நாதன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒண்ணு. ஆசாரியாருக்கு ஒண்ணு."

"என்னம்மா இது?"

"தொடைக்கணும்னு சொன்னீங்களே மாமா. யானை யாருக்கு வேணுமோ அவிய தொடைக்கட்டும்."

"யாருகிட்ட பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரிஞ்சுதான் பேசுதேன்." அம்புஜவல்லி காலி டின்னை ஓரமாக வைத்தாள். "பதினோரு வருஷம் அன்னத்துக்குக் கழுத்துத் தொடைச்சேன். ஒரு நாள் அதுல நான் சாஞ்சு உக்காந்ததில்ல. தனியா ஒரு வீடு வச்ச பொறவு நாலு கால், ஒரு பலகை கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. கிளிய வச்சீய, தாமரைய வச்சீய, யானையக் கொண்டாந்து இலைக்கு அடியில படுக்க வச்சீய. அழகா இருக்குன்னு சொல்லுததுக்கு ஆளு இருக்கு. அழுக்க எடுக்கிறதுக்கு நான் மட்டுமா? இன்னைக்கு நான் தொடைக்க மாட்டேன். நாளைக்கும் மாட்டேன். எறும்பு வந்து இழுத்துட்டுப் போனாலும் சரி."

ரசம் தரையில் சொட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் ஜகந்நாதன்தான் பிரஷ்ஷை எடுத்தான். யாரையும் பார்க்காமல் குனிந்து ஒரு வாழைக் குலையைத் தேய்க்க ஆரம்பித்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக, அவன் கூட்டி வந்த ஜோடி அன்னத்தையும் அம்புஜவல்லி மன்னித்தாள்.

மகனே எடுத்த பிறகு கண்ணபிரானால் சும்மா உட்கார முடியவில்லை. "இதென்ன பெரிய வித்தையா?" என்று அவரும் ஒரு பிரஷ்ஷை எடுத்து யானைக் காதில் விட்டார். பருப்பு வெளியே வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குத்தினார். பத்து நிமிஷத்தில் அவர் நெற்றி நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை இறங்கிவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னும் எம்புட்டு இருக்கு?"

"நீங்க ஒரு காதுதான் மாமா முடிச்சிருக்கீங்க. யானைக்கு ரெண்டு காது. யானையும் ரெண்டு."

கண்ணபிரான் தும்பிக்கையைப் பார்த்தார். மாங்காய் வரிசையைப் பார்த்தார். பிறகு வாசலில் தார்ப்பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மயிலைப் பார்த்தார்.

"அந்தச் சோபாவுல எத்தன எறகுன்னு சொன்ன?"

"நான் சொன்னதே இல்ல மாமா. நீங்க கேட்டதும் இல்ல. அன்னத்துக்கு மட்டும் அறுநூத்தி இருபத்தி நாலு. மயில நான் எண்ணல, பயமா இருந்துச்சு."

கண்ணபிரான் பிரஷ்ஷோடு வாசலுக்குப் போனார். "ஏப்பா, வண்டியத் திருப்பு!"

"எங்க ஐயா கொண்டு போக?" என்றார் டிரைவர்.

"எங்கயாவது கொண்டு போ. கல்யாண மண்டபத்துல வேணுமான்னு கேளு. என் வீட்டுல மட்டும் எறக்கிராத. அங்க இப்ப நான் ஒத்தையில இருக்கேன்."

லாரி புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தது. தார்ப்பாய்க்குள் மயில் தலையை ஆட்டிக்கொண்டே போய்த் தெரு முனையில் மறைந்தது. அம்புஜவல்லி அது மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டாள்.

"ஆசாரியாரே, யானைய எடுத்துட்டு வெறும் பலகையாக் குடுங்க. கால மாத்திருங்க. எம்புட்டு நாளானாலும் சரி, நான் தரையில உக்காந்து சாப்பிட்டுக்கிடுதேன்."

தனுஷ்கோடிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த பிரஷ்ஷை மேசையில் அடித்தார்.

"பெரியவரே, நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கீயளே! முப்பது வருஷமா உளி பிடிக்கேன். வெறும் பலகை வெறும் பலகைன்னு இந்தம்மா சொல்லுதாவ. ஒரு பூவோ கிளியோ இல்லாம, மூளியா, நாலு கால நட்டு வச்சு மேசைன்னு எந்தக் கிறுக்கனாவது வீட்டுல போட்டிருக்கானா? இந்த ஜில்லாவுல ஒரு வீட்டக் காட்டுங்க. காட்டிட்டா இனிமே உளியத் தொடல!"

சுவரோரம் நின்ற வெள்ளத்தாய் வாயைப் பொத்தியிருந்த முந்தானையை எடுத்தாள்.

"எங்க வீட்டுல வந்து பாருங்கம்மா" என்றாள். "நாலு கால், ஒரு பலகை, ஒரு கிளி கெடையாது. நான் மில்லுக்குப் போயிருதேன்லா? அங்க மேசை தொடைக்கிறது இவிய!"